நீர்நாயும் மின்மினிக் குறியும்

நீர்நாய் சேந்தன் தன் மனைவி குமுதியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு பங்குனிக் காலையில். அவள் வளை வாசலில் உட்கார்ந்து, மடிக்கணினியின் பொத்தான்களுக்கு நடுவே சேர்ந்திருந்த மணலை ஊதிக்கொண்டிருந்தாள்.

"மூணாவது கல்லுல தண்ணி எதுவரைக்கும் நிக்குதுன்னு பார்த்துட்டு வாங்க. எனக்கு முட்டி ரெண்டும் வலிக்குது" என்றாள்.

"பங்குனியில தண்ணி எங்க ஏறப்போகுது? பார்க்காமலே சொல்றேன், கல்லு காஞ்சுதான் கிடக்கும்!" என்றான் சேந்தன்.

"பார்க்காமச் சொல்றதுக்கு நானே போதுமே! போய்ப் பாருங்க!"

சேந்தன் சிரித்துக்கொண்டே நீந்திப் போனான். கல் காய்ந்துதான் கிடந்தது. திரும்பும் வழியில் அவளுக்குப் பிடித்த கெளுத்தி ஒன்று அகப்பட்டது. அதையும் கவ்விக்கொண்டு வந்தான். குமுதி மடிக்கணினியின் மேல் தலை சாய்த்துக் கிடந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து, கெளுத்தியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, அவன் நெடுநேரம் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தான்.

அந்தக் காட்டு மடுவுக்குக் கூவைமடு என்று பெயர். மடுவின் நடுவில் மூன்று கற்கள் இருந்தன. முதல் கல் குட்டை. இரண்டாம் கல் நடுத்தரம். மூன்றாம் கல் உயரம். குமுதி காலையும் மாலையும் கிழக்குக் கரையில் உட்கார்ந்து, தண்ணீர் எந்தக் கல்லில் எதுவரை நிற்கிறது என்று பார்த்து மடிக்கணினியில் எழுதுவாள். பன்னிரண்டு மழைக்காலம் அப்படி எழுதியிருந்தாள். பழைய மழைகளைப் புரட்டிப் பார்த்துப் புது மழையின் போக்கைச் சொல்லிவிடுவாள்.

"நாளைக்கு மத்தியானம் மூணாவது கல்லு முழுகும்! பள்ளத்துல இருக்கிறவங்க பிள்ளைகளைத் தூக்கிட்டு மேட்டுக்குப் போங்க!" என்பாள்.

சொன்னால் சொன்னபடி நடக்கும். பள்ளத்தில் வளை தோண்டிக் குடியிருந்த முயலும் கீரியும் அழுங்கும் அவள் வாயைப் பார்த்துத்தான் மழைக்காலத்தைக் கழித்தன. பன்னிரண்டு மழையில் ஒரு குட்டிகூடத் தண்ணீரோடு போனதில்லை.

குமுதி போனபிறகு ஒரு மாதம் சேந்தனுக்கு அந்த மடிக்கணினிப் பெட்டியைத் திறக்க மனம் வரவில்லை. சித்திரையில் ஒருநாள் திறந்தான். வெயிலில் கிடந்து கிடந்து பேட்டரி தவளை வயிறு மாதிரி உப்பியிருந்தது. திரை ஒருமுறை மினுங்கியது. பிறகு இருண்டுவிட்டது. பன்னிரண்டு மழையின் எழுத்தும் உள்ளே மாட்டிக்கொண்டது.

பள்ளத்து முயல் செவத்தி வந்து எட்டிப் பார்த்தாள். அவள் கர்ப்பமாக இருந்தாள். அது தலைப்பிரசவம்.

"மாமா, ஆனி பிறந்தா எனக்குப் பிள்ளை பிறக்கும். மழையும் அப்பத்தான் வரும். அத்தை இருந்தா நான் பயப்பட மாட்டேன். இப்ப என்ன செய்யறது?"

"நான் இருக்கேன்மா! புதுப் பெட்டி வாங்கறேன். உங்க அத்தை எழுதின மாதிரியே எழுதறேன். நீ கவலைப்படாம வயித்தைப் பார்த்துக்கோ!" என்றான் சேந்தன்.

கூவைமடுவில் மடிக்கணினி வாங்குவது லேசான காரியம் அல்ல. அங்கே எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி, "உங்க வீட்டுல என்ன கம்பெனி?" என்பதுதான்.

கிழக்குக் கரை முழுக்க மின்மினி கம்பெனி. அதன் மூடியில் ஒரு மின்மினிப் பூச்சியின் குறி இருக்கும். வெளிச்சம் மங்கினால் அது தானாக மினுங்கும். மேற்குக் கரை முழுக்க ஓடு கம்பெனி. அதன் மூடி ஆமை முதுகு மாதிரி தடித்துக் கிடக்கும். மின்மினி வீட்டார் ஓடு வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள். ஓடு வீட்டார் கிழக்குக் கரையில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். ஒரு கோடையில் மேற்குக் கரை வற்றிப்போனபோது, காட்டுப்பன்றி தடியன் மூன்று நாள் சேற்றை உறிஞ்சினானே தவிர, கிழக்கே ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

கிழக்குக் கரைக்குத் தலைவர் மயில் நீலமேகம். யார் வந்தாலும் மூடியைக் காட்டச் சொல்வார். மின்மினிக் குறி இருந்தால் உட்காரலாம். இல்லாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

குமுதியின் மூடியிலும் மின்மினிக் குறி இருந்தது. அவள் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட விடமாட்டாள். சேந்தன் ஈரக் கையோடு பெட்டியைத் தொட்டால் போதும், "குறியை நனைச்சிராதீங்க!" என்று பாய்வாள். கம்பெனி மேல் அவளுக்கு என்ன பக்தி என்று சேந்தன் வியந்துபோவான். கரையில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்படுவான்.

பழைய பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு அவன் புளியமரத்தடிக்குக் கிளம்பினான். அங்கே முள்ளம்பன்றி மருதை இருந்தார். எந்தக் கம்பெனிப் பெட்டியாக இருந்தாலும் தன் முள்ளாலேயே திறந்து ரிப்பேர் பார்ப்பார். பழையதை வாங்குவார், விற்பார். பாதி வழியில் காட்டுப்பன்றி தடியன் மறித்தான்.

"என்ன சேந்தா, பெட்டி செத்துப்போச்சாமே! எங்க ஓடு வாங்கிக்கோ. நான் ஏறி மிதிச்சாலும் உடையாது!"

"உடையாது. திறக்கவும் திறக்காது!" என்று ஒரு குரல் மேலிருந்து கேட்டது. மயில் நீலமேகம் கிளையிலிருந்து இறங்கினார்.

"உங்க பெட்டி மினுக்கும். வேற என்ன செய்யும்? உன்னை மாதிரியேதான்!" என்றான் தடியன்.

"சேத்துல புரள்றவன் மினுக்கறதைப் பத்திப் பேசறான், கேட்டுக்குங்க!"

தடியன் உறுமிக்கொண்டே போய்விட்டான். நீலமேகம் தன் இறக்கையைச் சேந்தனின் தோளில் போட்டார்.

"அண்ணே, மருதைகிட்டயா போறீங்க? அவன் எல்லாக் கம்பெனியையும் தொடுறவன். அண்ணி பன்னிரண்டு வருஷம் நம்ம கரையில உட்கார்ந்தவங்க. குறியில தூசு பட விட்டிருப்பாங்களா? இப்ப நீங்க வேற கம்பெனிக்குப் போனா, அது அவங்களையே விட்டுட்டுப் போற மாதிரி ஆகாதா?"

அந்தச் சொல் சேந்தனின் நெஞ்சில் தைத்தது. புளியமரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் இருந்தது. அவன் திரும்பிவிட்டான்.

அந்த வாரமே மின்மினியின் புது மாடல் வந்தது. மின்மினி விற்கும் இலவமரத்தடியில் விடியும் முன்பே வரிசை நின்றது. சேந்தனும் விலைக்கு ஒரு கொடியில் விரால்களைக் கோர்த்து எடுத்துக்கொண்டு நின்றான். அவன் முறை வந்ததும் நீலமேகமே பெட்டியை எடுத்துக் கொடுத்தார். அரசிலை மாதிரி மெல்லிசாக இருந்தது.

"பொத்தானைக் காணோமே?" என்றான் சேந்தன்.

"பொத்தானா! அதெல்லாம் பழைய மாடல் அண்ணே! இது கண்ணாடி. வழவழன்னு இருக்கும். அலகு நுனி பட்டாப் போதும்!"

"எனக்கு அலகு இல்லையே?"

"பழகிடும்!"

"குமுதி எழுதினதை எடுக்க முடிஞ்சா இதுல ஏத்தணுமே. பென் டிரைவ் எங்க செருகுறது?"

"ஓட்டையா! அழகு கெட்டுடும்னு எடுத்துட்டாங்க!"

"அப்போ பழைய எழுத்து?"

"புதுப் பெட்டிக்குப் புது எழுத்து!" என்று தோகையை விரித்தார் நீலமேகம்.

எல்லாரும் கை தட்டினார்கள். சேந்தனும் தட்டினான்.

வளைக்கு வந்து எழுதிப் பார்த்தான். நீர்நாயின் விரல்களுக்கு இடையே சவ்வு உண்டு. ஒரு விரலை வைத்தால் சவ்வு பட்டு மூன்று எழுத்து விழுந்தது. 'முதல் கல்' என்று எழுதினால் 'மமுமூதகக' என்று வந்தது. கை ஈரமாக இருந்தால் பெட்டியே வழுக்கிக்கொண்டு ஓடியது.

'குத்தம் பெட்டியில இல்ல. என் கையிலதான்' என்று சேந்தன் தன்னையே திட்டிக்கொண்டான்.

கடைசியில் ஒரு நாணல் குச்சியை வாயில் கவ்விக்கொண்டு, மயில் மாதிரி குனிந்து கொத்திப் பழகினான். கழுத்து வலித்தது. வழியில் போனவர்கள், "பெட்டி எப்படி?" என்று கேட்டால், குச்சியை எடுத்துவிட்டு, "அருமையான பெட்டி!" என்பான். மறுபடி குச்சியைக் கவ்விக்கொள்வான்.

ஆனி பிறந்தது. செவத்திக்கு நான்கு குட்டிகள் பிறந்தன. கண் திறக்காத குட்டிகள்.

ஒருநாள் மத்தியானம் மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. சேந்தன் கிழக்குக் கரையில் உட்கார்ந்து குனிந்து கொத்திக்கொண்டிருந்தான். செவத்தி ஓடி வந்தாள்.

"மாமா, பிள்ளைகளைத் தூக்கட்டுமா, வேண்டாமா?"

"இரும்மா! ஒரே வரி. எழுதிட்டுச் சொல்றேன்!"

மழைத்துளி கண்ணாடியில் விழுந்தது. விழுந்த இடமெல்லாம் எழுத்து முளைத்தது. சேந்தன் துடைத்தான். துடைத்ததும் இன்னும் நாலு எழுத்து முளைத்தது. அவன் அழித்துவிட்டு மறுபடி கொத்தினான்.

"மாமா! தண்ணிச் சத்தம் மாறுது!"

"இரு, இரு! 'ரெண்டாவது'ன்னு அடிச்சா 'ரெரெரெ'ங்குது! இதோ முடிஞ்சிருச்சு!"

"மாமா!"

சேந்தன் தலையைத் தூக்கினான். எழுத வேண்டிய கல்லையே காணோம். முதல் கல்லும் இல்லை, இரண்டாம் கல்லும் இல்லை. மூன்றாம் கல்லின் உச்சி மட்டும் ஒரு தவளைத் தலை அளவுக்குத் தெரிந்தது.

அவன் குச்சியைத் துப்பினான். பெட்டி மடியிலிருந்து சரிந்து மடுவுக்குள் போனது. அவன் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளத்தை நோக்கிப் பாய்ந்தான்.

செவத்தியின் வளை வாய்க்குள் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. சேந்தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். இரண்டு குட்டிகளைக் கவ்விக்கொண்டு வந்து மேட்டில் போட்டான். மறுபடி போய் மூன்றாவதைக் கொண்டுவந்தான். நாலாவது குட்டி வளையின் கடைசியில் இருந்தது. அதைக் கொண்டுவந்தபோது அது ஈரத் துணி மாதிரி தொங்கியது.

செவத்தி அதை நக்கினாள். திருப்பிப் போட்டு நக்கினாள். கீரியும் அழுங்கும் தங்கள் குட்டிகளை முதுகில் சுமந்தபடி சுற்றி நின்றன. சேந்தன் கண்ணை மூடிக்கொண்டான்.

குட்டி தும்மியது.

ஒருமுறை தும்மியதும் எல்லாருக்கும் உயிர் வந்தது. செவத்தி குட்டியை வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். சேந்தன் அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் திட்டவில்லை.

"மாமா, அத்தை தலையைக் குனிஞ்சு எழுதி நான் பார்த்ததே இல்ல. அவங்க கண்ணு கல்லு மேல இருக்கும். கை பாட்டுக்கு எழுதும்" என்றாள்.

சேந்தனுக்கு அது திட்டைவிட வலித்தது.

மடுவுக்குள் விழுந்த புதுப் பெட்டி வேலை செய்யவில்லை. ஆனால் அதன் மின்மினிக் குறி மட்டும் தண்ணீருக்கடியில் இரண்டு மாலை மினுங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் சேந்தன் பழைய பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு, எந்தப் பக்கமும் பார்க்காமல் புளியமரத்தடிக்குப் போனான். மருதை ஒரு பெட்டியின் வயிற்றைத் திறந்து எறும்பு ஓட்டிக்கொண்டிருந்தார்.

"இத்தனை நாளா எங்கய்யா போனே? குமுதி செத்த சேதி கேட்ட நாளிலேர்ந்து நீ இதைக் கொண்டாருவேன்னு பார்த்துட்டிருக்கேன்" என்றார்.

"நான் கிழக்குக் கரைக்காரன். இங்கெல்லாம் வர்றதில்லையே..."

"குமுதியும் கிழக்குக் கரைதான். வருஷத்துக்கு ரெண்டு தடவை வருவா."

"இங்கேயா!"

"பின்னே? இந்தப் பெட்டியைச் செஞ்சது யாருன்னு நினைச்சே?"

மருதை தன் முதுகிலிருந்து ஒரு முள்ளை உருவினார். மூடியில் இருந்த மின்மினிக் குறியின் ஓரத்தில் முள்ளை நுழைத்து மெல்ல நெம்பினார். காய்ந்த பிசினோடு குறி அப்படியே உரிந்து வந்தது. அடியில் வெறும் தகடு.

சேந்தன் வாயைப் பிளந்தான். "இது மின்மினி இல்லையா?"

"உள்ளே ஓடுற மூளை மின்மினியோடது. பழசு, நல்லது. திரை ஓடு கம்பெனி. பொத்தான் யாரோ பேர் தெரியாதவன் செஞ்சது. மூடி, என்கிட்ட சும்மா கிடந்த தகடு. அவ வந்து கண்ணை மூடிக்கிட்டுப் பத்துப் பெட்டியைத் தடவித் தடவிப் பார்த்தா. 'எதுவும் எனக்குச் சரியா வரல அண்ணே. இந்தப் பொத்தானையும் அந்தத் திரையையும் ஒண்ணாச் சேர்த்துக் குடுங்க'ன்னா."

"அப்போ இந்தக் குறி?"

"மூணாவது கல்லு எங்கேயிருந்து பார்த்தாத் தெரியும்?"

"கிழக்குக் கரையிலேர்ந்துதான். மேற்கே நாவல் மரம் மறைக்கும்."

"கிழக்குக் கரையில யாரை உட்கார விடுவான் நீலமேகம்?"

சேந்தன் உரிந்த குறியைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தான்.

"அதான். ஒரு செத்த பெட்டியிலேர்ந்து குறியை உரிச்சு, வேப்பம்பிசின் வச்சு ஒட்டினேன். 'தண்ணி மட்டும் படாமப் பார்த்துக்கோம்மா, பிசின் விட்டுடும்'னு சொல்லி அனுப்பினேன்."

'குறியை நனைச்சிராதீங்க!' என்ற குரல் சேந்தனின் காதில் கேட்டது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. குமுதி போனபிறகு அவன் சிரிப்பது அதுதான் முதல் முறை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பன்னிரண்டு வருஷம்! ஒரே வளையில இருந்தோம். எனக்குச் சொல்லலையே அண்ணே!"

"நானும் கேட்டேன். 'எங்க வீட்டுக்காரர் தங்கமானவர். ஆனா ஒரு விரால் பிடிச்சாலே மடு முழுக்கச் சொல்லிட்டு வர்றவர். இதைச் சொன்னா அன்னைக்குச் சாயங்காலமே நீலமேகத்துக்குத் தெரிஞ்சுடும்'னா."

"உண்மைதான்" என்றான் சேந்தன்.

மருதை தன் சரக்கைப் பரப்பினார். சேந்தன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். முதலில் குமுதியின் பொத்தான் மாதிரியே இருந்த ஒன்றைத் தேடி எடுத்தான். விரல் இடித்தது. குமுதியின் கை சிறிய கை. அவனுடையது துடுப்பு மாதிரி. தயக்கத்தோடு அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததைத் தொட்டான். பிறகு அடுத்தது. கையை மடுத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்தும் தொட்டுப் பார்த்தான்.

ஏழாவது பெட்டியில் அவன் கை நின்றது. பொத்தான்கள் இலந்தைப் பழம் அளவுக்குப் பெரிதாக, விலகி விலகி இருந்தன. சவ்வு எதிலும் இடிக்கவில்லை. வாயில் கவ்விக்கொள்ள ஒரு கைப்பிடியும் இருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தான். சேற்று நிறம். ஒரு மூலையில் பல் பட்ட தழும்பு.

"கரடிக்குட்டிங்க எழுத்துப் பழகின பெட்டி அது" என்றார் மருதை.

"என்ன கம்பெனி?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு சேந்தன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பேர் அழிஞ்சுபோச்சு. மின்மினிக் குறி ஒண்ணு ஒட்டித் தரட்டுமா? பிசின் இருக்கு."

சேந்தன் யோசித்தான். "வேண்டாம் அண்ணே. அவளுக்கு ரகசியம் காக்கத் தெரியும். எனக்குத் தெரியாது."

மருதை பழைய பெட்டியிலிருந்து பன்னிரண்டு மழையையும் எடுத்துப் புதியதில் ஏற்றினார். சேந்தன் திறந்து கடைசிப் பக்கத்தைப் பார்த்தான். பங்குனிக் காலையின் தேதி இருந்தது. அடியில், 'மூன்றாம் கல்:' என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருந்தது. அவன் திரும்பி வந்து சொல்வதற்காக விட்ட இடம்.

சேந்தன் அந்த இடத்தில், 'காய்ந்து கிடக்கிறது' என்று எழுதினான். ஒரு பிழைகூட விழவில்லை.

மறுநாள் அவன் கிழக்குக் கரைக்கு வந்தான். நீலமேகம் கழுத்தை நீட்டினார்.

"மூடியைக் காட்டுங்க அண்ணே... குறி எங்கே?"

"குறி இல்லை."

"ஓடா!"

"ஓடும் இல்லை. கரடிக்குட்டிங்க எழுதிப் பழகினது."

கரை முழுக்கச் சிரித்தது. மேற்குக் கரையிலிருந்து தடியனின் சிரிப்பும் கேட்டது. "இங்கேயும் வராதே சேந்தா! ஓடு இருந்தாத்தான் இடம்!" என்று கத்தினான்.

"எனக்குக் கிழக்குக் கரைதான் வேணும். மூணாவது கல்லு இங்கேயிருந்துதான் தெரியும். குமுதியும் அதுக்காகத்தான் இங்கே உட்கார்ந்தா" என்றான் சேந்தன். பிறகு குமுதியின் பழைய பெட்டியையும், உரித்த குறியையும் எடுத்து வைத்து, நடந்ததை எல்லாம் சொன்னான்.

நீலமேகத்தின் தோகை தரையில் தொங்கியது. "அண்ணி... நம்ம கரையையே ஏமாத்திட்டாங்களே!"

அப்போது அவர் மனைவி பவளம் புதரிலிருந்து வெளியே வந்தாள். அவளுடைய கூடு அந்தக் கரைத் தரையில்தான் இருந்தது.

"ஏங்க, போன வருஷ மழையில என் முட்டை அஞ்சையும் மேட்டுக்கு உருட்டச் சொன்னது யாரு?"

"குமுதி அண்ணிதான். ஆனா மின்மினியில பார்த்துத்தானே..."

"அதுதான் மின்மினியே இல்லையாமே! அஞ்சும் பொரிச்சு அதோ மேயுது. அதுங்களைக் கூப்பிட்டு, 'நீங்க வேற கம்பெனி'ன்னு சொல்லுங்க பார்ப்போம்!"

கரையில் இருந்தவர்கள் இப்போது வேறு மாதிரி சிரித்தார்கள். நீலமேகம் தொண்டையைச் செருமினார். "சரி அண்ணே. ஒரு ஓரமா உட்கார்ந்துக்குங்க."

"ஓரத்துலேர்ந்து கல்லு தெரியாது."

"அப்போ நடுவுலதான் உட்காருங்களேன்! யார் வேண்டாம்னா!" என்று அவர் விலகிக்கொண்டார்.

ஆடியில் பெருமழை வந்தது. விடிந்தபோதே முதல் கல் முழுகியிருந்தது. சேந்தன் கரை நடுவில் உட்கார்ந்திருந்தான். கண் கல்லின் மேல் இருந்தது. கை தன் பாட்டுக்கு எழுதியது. பிறகு குமுதியின் பக்கங்களைப் புரட்டினான். அவள் எழுதிய ஏழாவது மழையும் இதே வேகத்தில்தான் ஏறியிருந்தது.

"மத்தியானம் மூணாவது கல்லு முழுகும்! மேல ஒரு முழம் தண்ணி நிக்கும்! பிள்ளைகளைத் தூக்குங்க!" என்று கத்தினான்.

செவத்தி நான்கு குட்டிகளோடு முதலில் ஏறினாள். கீரியும் அழுங்கும் ஏறின. பவளம் தன் குஞ்சுகளை விரட்டிக்கொண்டு ஏறினாள். நீலமேகம் மின்மினியை இறக்கைக்குள் பொத்திக்கொண்டு ஏறினார். மேடு கிழக்குப் பக்கம்தான் இருந்தது. மேற்குக் கரையில் தடியன், ஆறு குட்டிகளையும் சுற்றி நிறுத்திக்கொண்டு அசையாமல் நின்றான்.

"வாய்யா! மேடு யார் கம்பெனியும் இல்லை!" என்று சேந்தன் கூப்பிட்டான்.

தடியன் ஆழமில்லாத பக்கமாகக் குட்டிகளை நடத்திக்கொண்டு கடந்து வந்தான். நீலமேகத்தின் முன்னால் வந்ததும் நின்றான்.

"பிள்ளைகளுக்காக வந்தேன். உன் கரையில ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்!"

"முழங்கால் அளவு தண்ணியில நடந்து வந்திருக்கே. குடிக்காமலா வந்தே?" என்றார் நீலமேகம். தடியன் உறுமப் பார்த்தான். சிரிப்பு வந்துவிட்டது.

மத்தியானம் மூன்றாம் கல் முழுகியது. பள்ளத்து வளைகள் எல்லாம் தண்ணீருக்கடியில் போயின. மேட்டில் எல்லாத் தாய்களும் தங்கள் குட்டிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டன. ஒன்றுகூடக் குறையவில்லை. தும்மிப் பிழைத்த முயல்குட்டி, தடியனின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது.

சேந்தன் எழுதினான். 'மூன்றாம் கல் முழுகியது. குட்டிகள் எல்லாம் மேட்டில்.'

நீலமேகம் இப்போதும் மின்மினிதான் வைத்திருக்கிறார். அவர் அலகுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. தடியனுக்கு ஓடுதான் சரி. அவன் கோபத்தில் எத்தனை முறை மிதித்தாலும் தாங்குகிறது. ஆனால் எந்தக் கரையிலும் இப்போது யாரும் மூடியைக் காட்டச் சொல்வதில்லை. புதுப் பெட்டி வாங்கப் போகிறவர்கள் மருதையின் புளியமரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருகிறார்கள்.

ஒரு பொருளை வாங்குகிறவர் அதன் மேல் இருக்கும் குறியைக் கேட்காமல், தன் கையையும் தன் வேலையையும் கேட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

குமுதியின் மூடியிலிருந்து உரித்த மின்மினிக் குறி சேந்தனின் வளைச் சுவரில் இருக்கிறது. அதன் பின்னால் இன்னும் கொஞ்சம் வேப்பம்பிசின் ஒட்டியிருக்கிறது.